கடைசி வரியில் எம்.டி.

அந்தக் கம்பெனியில் ஒரு ஷூவுக்கு மேல்தோல் தைக்கப் பதினோரு நிமிடம் ஆகும். 'இல்லை' என்ற ஒரு சொல்லைத் தைக்க மூன்று வாரம் ஆனது.

மாதனூரைத் தாண்டி நெடுஞ்சாலையோரம் இருக்கிறது கம்பெனி. ஜெர்மனிக்காரர்களின் கால்களுக்காக ஆம்பூர்க்காரர்களின் கைகள் தேயும் இடம். அங்கே டைம் ஆபீஸில் வருகைப் பதிவு பார்த்துக்கொண்டிருந்த அன்பரசன், யாருக்கு என்ன ரத்த வகை என்று தேடிச் சொல்லும் ஒரு புரோகிராம் எழுதியிருந்தான். பி.காம். படித்தவன். நாற்பத்தோரு வயதில் செல்போனில் யாரோ ஒரு தெலுங்குக்காரர் நடத்திய பாடங்களைப் பார்த்து அவனாகக் கற்றுக்கொண்டது. அந்த வாத்தியார் திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்று அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது: தேடியது கிடைத்தால் எந்தப் புரோகிராமும் அழகாகத்தான் பேசும், கிடைக்காதபோது என்ன சொல்கிறது என்பதைப் பார்.

அதனால் கிடைக்காதபோது என்ன சொல்லவேண்டும் என்று மனிதவள மேலாளர் ராமமூர்த்தியிடம் போய்க் கேட்டான். அங்கேதான் வம்பு வந்தது.

"மொட்டையா 'இல்லை'ன்னு சொல்றதா? அபசகுனம்பா" என்றார் ராமமூர்த்தி. உடனே கூட்டம் போட்டார். ஒரு வாரம் 'கிடைக்கவில்லை' என்பதை விவாதித்தார்கள். அடுத்த வாரம் 'வருந்துகிறோம்' சேர்ந்தது. ஏற்றுமதிக் கம்பெனி எதற்கும் வருந்தக்கூடாது என்று மூன்றாவது வாரம் அதை எடுத்தார்கள். கடைசியில் ஒரு தாமரைப்பூ படத்துக்குக் கீழே இப்படி முடிவானது:

'தாங்கள் தேடிய ரத்த வகை தற்சமயம் நம் குடும்பத்தில் இல்லை. நம்பிக்கை கொள்வோம். நன்றி.'

நன்றி எதற்கு என்று அன்பரசனுக்குப் புரியவில்லை. கேட்டால் நான்காவது வாரமும் கூட்டம் நடக்கும் என்பதால் கேட்கவில்லை. திட்டத்துக்கு 'உதிரச் சொந்தம்' என்று பேர் வைத்தார்கள். பேர் வைத்தவர் ராமமூர்த்தி என்று பேனரிலேயே போட்டிருந்தது.

அதற்கு முன்னால் கம்பெனியில் வேறு வழக்கம் இருந்தது. யாருக்காவது ரத்தம் வேண்டுமென்றால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் மைக்கில் கூவுவார்கள். "பி நெகடிவ் யாருக்குப்பா இருக்குது? கை தூக்கு!" என்றால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். அதில் ஒருவனுக்கு ஏ பாசிட்டிவாக இருக்கும். அரை நாள் லீவுக்காக எழுந்திருப்பான். மீதி மூன்று பேர் சோற்றுக் கையைக் கழுவிவிட்டு வேலூருக்கு வண்டி ஏறுவார்கள். ராமமூர்த்திக்கு இது வயிற்றெரிச்சல். ஆள் எழுந்து போனால் லைன் நிற்கும், லைன் நின்றால் ஷிப்மெண்ட் நிற்கும். ஆகவே புதுத் திட்டத்தோடு ஒரு சுற்றறிக்கையும் வந்தது: இனி மைக் கிடையாது, கம்ப்யூட்டர் கூப்பிட்டால் மட்டும் போகலாம், தானாக வந்து நிற்பவர்கள்மேல் நடவடிக்கை எடுக்கப்படும்.

ரத்தம் கொடுக்க வந்து நின்றதற்காக மெமோ வாங்கக்கூடிய ஒரே கம்பெனி உலகத்திலேயே அதுவாகத்தான் இருக்கும்.

டாக்டர்கள் வந்து முகாம் போட்டு எல்லார் விரலிலும் குத்தி, இளஞ்சிவப்பு அட்டைகளில் வகையை எழுதி, பாதியைக் கிழித்து ஆளிடமும் மீதியை ஆபீஸிலும் கொடுத்துவிட்டுப் போனார்கள். அறுநூற்றுப் பன்னிரண்டு அட்டைகள். ஆபீஸில் தட்ட நேரமில்லை. அன்பரசன் அவற்றை ஒரு ஷூ பெட்டியில் போட்டுப் பள்ளிகொண்டாவில் இருக்கும் வீட்டுக்குக் கொண்டுபோனான். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், அவன் மனைவி மேகலா கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து அட்டைகளைப் படிக்க, அவன் தட்டினான்.

மேகலாவுக்கு எதையும் சும்மா படிக்கத் தெரியாது. "சவுரியம்மாள், ஸ்டிச்சிங், பி பாசிட்டிவ். இவங்கதானே பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை வெச்சாங்க?" என்பாள்.

"அடுத்தது."

"ஜோதி, பேக்கிங், ஏ பாசிட்டிவ். கையெழுத்தப் பாருங்க, எறும்பு மாதிரி."

"மேகலா, பேரப் படி, குரூப்பப் படி. கதை வேணாம். அடுத்தது."

"ஐயோ, ரொம்பத்தான். பெரிய சயின்டிஸ்ட்டு" என்று சிரித்துவிட்டு அடுத்த அட்டையை எடுப்பாள். எடுத்து, மறுபடியும் ஏதாவது சொல்வாள். அவன் மறுபடியும் 'அடுத்தது' என்பான். நடுநடுவே புரோகிராம் வேலை செய்கிறதா என்று சோதித்தும் பார்த்துக்கொண்டான். எப்போதும் அப்போதுதான் தட்டிய ஆளின் வகையைக் கொடுத்துத் தேடுவான். பேர் பளிச்சென்று வரும். இல்லாத வகை ஒன்றைக் கொடுப்பான். தாமரைப்பூ வரும். இதற்குமேல் என்ன சோதனை வேண்டும்?

தொடக்க விழா ஜனவரியில், பொங்கல் கழிந்த வாரம். பட்டியலின் முதல் வரி எம்.டி.க்குத்தான் என்று சொல்லியிருந்தார் ராமமூர்த்தி. எம்.டி. இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். தன் விவரத்தைத் தன் கையாலேயே, போட்டோவுக்கு முகத்தைக் காட்டியபடி தட்டுவேன் என்றார். புதிதாகத் தட்டுகிற எதுவும் பட்டியலின் கடைசியில் போய்த்தான் உட்காரும். எம்.டி. அறுநூற்றுப் பதின்மூன்றாவது வரியில் போய் உட்கார்ந்தார்.

ராமமூர்த்தியின் முகம் வெளுத்தது. அன்பரசனைத் தூணோரம் தள்ளிக்கொண்டு போய், "இன்னாய்யா இது, எம்.டி. கடைசில கீறாரு?" என்றார்.

"கம்ப்யூட்டருக்கு மொதல்ல இருந்தா இன்னா சார், கடைசில இருந்தா இன்னா சார். எல்லாம் ஒண்ணுதான்."

இந்த வாக்கியத்தை அவன் பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்க்கப் போகிறான்.

எம்.டி.க்கு ஏபி நெகடிவ். அது அபூர்வமான வகை என்பதில் அவருக்கு ஏதோ தானே உழைத்துச் சம்பாதித்தது போலப் பெருமை. "தேடுங்க பார்க்கலாம்" என்றார். தேடினார்கள். திரையில் எம்.டி.யின் பேர் வந்தது. அறுநூறு பேரும் கை தட்டினார்கள். காணாமற்போன பிள்ளை கிடைத்ததைப் போல ராமமூர்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எம்.டி.க்குப் பிறகு வேறு யாரையும் இப்போதைக்குப் பட்டியலில் ஏற்றவேண்டாம், அது மரியாதையாக இருக்காது என்றும் சொல்லிவிட்டார்.

ஐந்து மாதம் அதை யாரும் தொடவில்லை. ஏப்ரலில் ஒரே ஒருமுறை, பேக்கிங் சூப்பர்வைசரின் அண்ணனுக்கு ஏ நெகடிவ் தேடினார்கள். தாமரைப்பூ வந்தது. அபூர்வ வகை, கிடைக்காததில் ஆச்சரியமில்லை என்று போய்விட்டார்கள்.

ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்றே முக்காலுக்கு, மேகலாவின் தம்பி ஹேமந்த் வேலூரிலிருந்து அன்பரசனைக் கூப்பிட்டான்.

"மாமா, அக்கா வீட்ல மயங்கி விழுந்துட்டா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாந்துட்டேன். ரத்தம் நிக்கவே மாட்டேங்குது மாமா."

மேகலாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி இருந்தது. அடுத்த மாதம் ஆபரேஷன் என்று தேதி குறித்திருந்தார்கள். கட்டி தேதிக்குக் காத்திருக்கவில்லை.

"டாக்டர் இன்னா சொல்றாரு?"

"ஓ நெகடிவ் இங்க ஒரு பாட்டில்தான் கீதாம். இன்னும் மூணு வேணும், ஆளாவது அனுப்புங்கன்னு சொல்றாங்க. நானும் எல்லா இடத்துக்கும் போன் போட்டுட்டேன். உன் கம்பெனிலதான் லிஸ்ட் இருக்கே மாமா, தேடு. சீக்கிரம் தேடு."

அன்பரசனுக்குக் கால் வண்டிப் பக்கம் இழுத்தது. ஆனால் வெறுங்கையோடு போய் என்ன செய்வது? லிஸ்ட் இங்கே இருக்கிறது. அவன் தட்டிய லிஸ்ட், அவன் எழுதிய புரோகிராம். நாற்காலியில் உட்கார்ந்தான். 'ஓ நெகடிவ்' என்று கொடுத்தான்.

தாமரைப்பூ மலர்ந்தது. 'தாங்கள் தேடிய ரத்த வகை தற்சமயம் நம் குடும்பத்தில் இல்லை.'

தவறாகத் தட்டியிருப்போம் என்று மறுபடி கொடுத்தான். மறுபடியும் பூ. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். மூன்றாவது முறை. நான்காவது முறை. நான்கு முறையும் புரோகிராம் அவனுக்கு நன்றி சொன்னது.

அப்போது டீ டம்ளர்களோடு வாசலில் வந்து நின்றார் வேதாசலம். கேன்டீனில் டீ போடுகிறவர். ஐம்பது தாண்டியவர். வயசுக் காலத்தில் தோல் பதனிடும் ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்தவர். இரண்டு கை விரல்களிலும் நகம் பாதிதான் இருக்கும். ஒடுகத்தூர்ப் பக்கம், ஊருக்கு வெளியே இருக்கிற தெருவிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். அன்பரசனுக்கு மட்டும் சர்க்கரை கம்மியாகத் தனியாகப் போட்டு எடுத்து வருவார், பத்து வருஷமாக.

"தம்பி, வூட்ல உடம்பு சரியில்லையாமே? ரத்தம் வேணுமாமே?"

"ஆமாண்ணா."

"மைக்ல ஒரு வாட்டி கூவிப் பாக்கலாமா? நான் வேணா சூப்பர்வைசரு கால்ல வுழுந்து மைக் பெட்டி சாவி வாங்கியாறேன்."

"வேணாண்ணா. எல்லார் பேரும் இதுல கீது. இதுல இல்லன்னா கம்பெனிலயே இல்ல."

வேதாசலம் போகவில்லை. டம்ளர் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். எடுத்துச் சற்று நகர்த்தி வைத்தார். "இல்ல தம்பி, வந்து..." என்று இழுத்தார்.

"டீ வேணாண்ணா. போங்க. கொஞ்சம் போங்க."

வேதாசலம் போனார். அரை மணியில் இன்னொரு தடவை வந்தார். அதற்குப் பிறகும் ஒரு தடவை வந்தார். அன்பரசன் போனில் ராணிப்பேட்டை, காட்பாடி, குடியாத்தம் என்று யார் யாரையோ கெஞ்சிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்காமலேயே கையால் போ என்று காட்டினான்.

மூன்றரைக்கு வண்டியை எடுத்தான். காட்பாடியில் ஒரு காலேஜ் மாணவன் கிடைத்து அவனை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது மணி ஐந்தேகால். சோதனை முடித்து அந்தப் பாட்டில் மேலே போனபோது ஆறே முக்கால். மேகலா ஆறரைக்கே போய்விட்டிருந்தாள்.

"மதியமே கெடைச்சிருந்தா, டாக்டர்?" என்று கேட்டான்.

டாக்டர் சின்ன வயது. அவர் எதையோ சொல்ல வாயைத் திறந்து, "அப்படி உறுதியாச் சொல்ல முடியாதுங்க" என்றார். உறுதியாகச் சொல்ல முடியாது என்பதை அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அது எந்தப் பக்கம் ஆறுதல் என்று அன்பரசனுக்கு விளங்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பினான். கம்பெனி வாசலிலேயே ராமமூர்த்தி கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம கையில இன்னாப்பா கீது? சிஸ்டமே இல்லன்னு சொல்லிடுச்சு" என்றார். அனுதாபத் தீர்மானம் ஒன்றும் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தது. அதன் மூலையிலும் தாமரைப்பூ.

ஒரு விஷயம் மாறியிருந்தது. வேதாசலம் டைம் ஆபீஸுக்குள் வருவதில்லை. டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, "சார், டீ" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். சர்க்கரை எல்லாருக்கும் போல ஜாஸ்தியாக இருந்தது. பொண்டாட்டி செத்தவனிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் ஒதுங்குகிறார் என்று அன்பரசன் நினைத்துக்கொண்டான். அவனிடம் அப்படி ஒதுங்கியவர்கள் நிறையப் பேர்.

ஜூலையில் ஜெர்மனியிலிருந்து ஷூ வாங்குகிறவர்கள் வருவதாகத் தகவல் வந்தது. தொழிலாளர் நலனை அவர்களுக்குக் காட்ட எம்.டி. ஆசைப்பட்டார். உதிரச் சொந்தத்தைக் காட்டுங்கள், நான் மேடையிலேயே தேடுகிறேன் என்றார். அவர்களுக்கு எண்ணிக்கையைக் கூட்டிக் காட்ட, அந்த வாரம்தான் ராமமூர்த்தியே பதினான்கு புது ஆட்களைப் பட்டியலில் ஏற்றச் சொல்லியிருந்தார். காலையில் ராமமூர்த்தி ஒத்திகை பார்த்தார். ஏபி நெகடிவ் என்று கொடுத்தார்.

'தாங்கள் தேடிய ரத்த வகை தற்சமயம் நம் குடும்பத்தில் இல்லை.'

கம்பெனியே கலங்கியது. ராமமூர்த்தி டைம் ஆபீஸுக்கு ஓடிவந்த வேகத்தில் கழுத்து அட்டை முதுகுப் பக்கம் போயிருந்தது. "அன்பரசா! எம்.டி.யைக் காணோம்யா! எம்.டி. குடும்பத்துலயே இல்லன்னு சொல்லுதுயா! பேஜாராப் போச்சு! பதினோரு மணிக்கு வந்துடுவாங்க!"

மேகலா இல்லாமற்போன நாளில் இந்தப் புரோகிராமுக்குள் கோளாறு இருக்கிறதா என்று யாரும் திறந்து பார்க்கவில்லை. அவனும்தான் பார்க்கவில்லை. அபூர்வ வகை, இல்லை என்றது, நம்பினார்கள். எம்.டி. இல்லை என்றதும்தான் புரோகிராமின்மேல் எல்லாருக்கும் சந்தேகம் வந்தது.

அன்பரசன் பட்டியலைத் திறந்தான். அறுநூற்றுப் பதின்மூன்றாம் வரியில் எம்.டி. பத்திரமாக உட்கார்ந்திருந்தார். அப்படியானால் தேடுகிற இடத்தில்தான் கோளாறு. தேடும் பகுதி மொத்தமே ஆறு வரி. முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்தான்.

ஒவ்வோர் ஆளாகப் பார். வகை பொருந்தினால், விடை அவர் பேர் என்று குறித்துக்கொள். பொருந்தாவிட்டால், விடை 'இல்லை' என்று குறித்துக்கொள். எல்லாரையும் பார்த்து முடித்ததும் விடையைச் சொல்.

படிக்க நியாயமாகத்தான் இருந்தது. இரண்டாம் முறை படித்தான். மூன்றாம் முறை படிக்கும்போது விரல் நின்றது.

குறித்துக்கொள்ளும் பலகை ஒன்றுதான். ஐந்தாம் ஆள் பொருந்தினால் அதில் அவர் பேர் ஏறும். ஆறாம் ஆளுக்குப் பொருந்தாது. உடனே அந்தப் பேர் அழிந்து 'இல்லை' ஏறும். தெருவில் வீடு வீடாகப் போய்ச் சாவி இருக்கிறதா என்று கேட்கிறவன், ஐந்தாம் வீட்டில் சாவியைக் கையில் வாங்கிக்கொண்டு, ஆறாம் வீட்டில் இல்லை என்றதும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நடந்தது போல. முன்னால் யார் இருந்தாலும் கணக்கில்லை. கடைசி ஆளிடம் கேட்டதுதான் விடை. கடைசி ஆளாக ஜனவரியிலிருந்து, பதினான்கு புது ஆட்கள் வரும்வரை, எம்.டி. இருந்தார். ஆறு மாதமாக அந்தப் புரோகிராமுக்கு உலகத்தில் எம்.டி. ஒருவரைத் தவிர வேறு யாரையும் கண்டுபிடிக்கத் தெரிந்திருக்கவில்லை.

'இல்லை' என்பதை எல்லாரையும் பார்த்து முடித்த பிறகு, வெளியே வந்து, ஒரே ஒருமுறைதான் சொல்லவேண்டும். அவன் அதை உள்ளே வைத்து, ஒவ்வோர் ஆளின் முகத்துக்கு நேராகவும் சொல்லவைத்திருந்தான்.

திருத்தம் சின்னது. பொருந்தியதும் பேரை எடுத்துக்கொண்டு தேடலை நிறுத்து. ஒருவருமே பொருந்தாவிட்டால் கடைசியில் 'இல்லை' சொல். இரண்டு நிமிட வேலை. தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ராமமூர்த்தி ஏபி நெகடிவ் என்று கொடுக்கச் சொன்னார். எம்.டி. வந்தார்.

"சபாஷ்! உயிர் வந்துச்சுய்யா!" என்று முதுகில் தட்டிவிட்டு அவர் மாடி ஹாலுக்கு ஓடினார்.

அன்பரசன் தனியாக இருந்தான். விரல்கள் விசைப்பலகைமேல் கிடந்தன. அவன் வேண்டாம் என்றுதான் நினைத்தான். வேறு யாரோ தட்டுவதைப் போல 'ஓ நெகடிவ்' என்று தட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

'வேதாசலம், கேன்டீன். வரிசை 288.'

பூ இல்லை. நன்றி இல்லை. பேர் மட்டும்.

அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அட்டைகளைத் தட்டிய இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அவன் காதில் கேட்டது. கட்டிலில் சம்மணம். கையில் அட்டை. "வேதாசலம், கேன்டீன், ஓ நெகடிவ். இங்க பாருங்க, உங்க டீ மாஸ்டருக்கும் எனக்கும் ஒரே ரத்தம்!"

அவன் என்ன சொன்னான் என்பதும் கேட்டது.

"அடுத்தது."

அவன் கேன்டீனுக்குப் போனபோது வேதாசலம் விருந்தாளிகளுக்காகப் பீங்கான் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "சொல்லுங்க சார்" என்றார்.

"அண்ணா, உங்களுக்கு இன்னா குரூப்புன்னு தெரியுமா?"

துணி நின்றது. வேதாசலம் சட்டைப் பையிலிருந்து இளஞ்சிவப்பு அட்டையின் பாதியை எடுத்துக் காட்டினார். டாக்டர்கள் கிழித்துக் கொடுத்த பாதி. பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார்.

"தெரியும் சார். கேம்ப்ல அந்த டாக்டரம்மா சொல்லிச்சு, உன் ரத்தம் ஜாஸ்தி பேருக்கு இருக்காதுய்யா, பத்திரமா வெச்சுக்கன்னு."

"அன்னிக்கு அதுதாண்ணா தேவைப்பட்டுது."

"அதுவும் தெரியும் சார். அன்னிக்கித் தெரியாது. நீங்க குரூப்பு சொல்லல. பொம்பளை வூட்டு சமாச்சாரம், நானா எப்டி நோண்டிக் கேக்கறது? மொதல் வாட்டி கேக்கலாம்னு வாயெடுத்தேன், போன்னுட்டீங்க. சரி, லிஸ்ட்ல பேரு கீதே, என்னுதுன்னா கூப்டுவாங்கன்னு இருந்தேன். சோறு துன்னுட்டுத்தான் ரத்தம் குடுக்கணும்னு கேம்ப்ல சொன்னாங்களா, மத்தியானம் ரெண்டு வாட்டி துன்னேன். கூப்புடுவீங்க, கூப்புடுவீங்கன்னு மூணு வாட்டி வந்து உங்க எதிர்ல நின்னேன். நீங்க தலையே தூக்கல." அவர் ஒரு கோப்பையை எடுத்து, துடைத்ததையே மறுபடி துடைத்தார். "மறுநாள் சொல்லிக்கிறாங்க, ஓ நெகடிவாம், கெடைக்கலியாம்னு. அப்பத்தான் புரிஞ்சுது."

"இன்னா புரிஞ்சுது?"

"விடுங்க சார்."

"சொல்லுங்கண்ணா."

"என் பேரப் பாத்திருக்கீங்க. பாத்துட்டு வேணாம்னுட்டீங்க." குரல் உயரவே இல்லை. "ரெண்டு வருசம் முன்ன உங்க வூட்டுக்கு காஸ் அடுப்பு தூக்கியாந்தேனே, ஞாபகம் கீதா? உங்க மாமியாரு தண்ணி குடுத்தாங்க. நீங்கல்லாம் சில்வர் டம்ளரு. எனக்கு பாத்ரூம் பக்கத்துல இருந்த பிளாஸ்டிக்கு. நீங்க பாத்துக்கினு இருந்தீங்க. டம்ளர்லயே அப்டின்னா, ரத்தத்துல எப்டி சார்?"

அன்பரசன் பார்த்துக்கொண்டிருந்தது உண்மை. மாமியார் வயதானவர், எதற்கு வாக்குவாதம் என்று அன்றைக்குத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான்.

இப்போது சும்மா இருந்துவிட்டால், வேதாசலத்தின் கண்ணில் அவன் ஒரு சாதி பார்க்கிற பயல். அவ்வளவுதான். ஊரில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. கூட்டத்தோடு கூட்டமாக இருந்துவிடலாம். வாயைத் திறந்தால் மேகலாவுக்கு என்ன நடந்தது என்பதைத் தன் வாயாலேயே சொல்லவேண்டும். இதுவரை அவன் அதைத் தனக்குள்கூட முழுசாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

"அண்ணா, உங்க பேரு வரல. புரோகிராம் தப்பு. நான் தப்பா எழுதிட்டேன். உங்களப் பாத்துச்சு. பாத்துட்டு அடுத்த ஆளுகிட்ட போனதும் அழிச்சிடுச்சு. நீங்க இருந்தீங்க. அது இல்லன்னு சொல்லிச்சு. நான் நம்பிட்டேன்."

வேதாசலம் அவனைப் பார்த்தார். அவருடைய முகத்தில் கோபம்கூட இல்லை. தன்னை முட்டாளாக்கப் பார்க்கிறவனிடம் காட்டுகிற பொறுமை இருந்தது.

"எம்.டி.யக் கண்டுபிடிச்சுதே சார். அறுநூறு பேரு பாத்தோமே. நானும் கை தட்னேனே."

"அவரை மட்டும்தாண்ணா அதுக்குக் கண்டுபிடிக்கத் தெரியும். அவரு கடைசில இருந்ததால."

"சரி சார்."

"நெஜமாண்ணா! வாங்க, வந்து பாருங்க, காட்டறேன்."

"வேணாம் சார். நீங்க படிச்சவங்க, நீங்க இன்னா சொன்னாலும் அது காட்டும்." வேதாசலம் கோப்பைகளைத் தட்டில் அடுக்கத் தொடங்கினார். "நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கல. மனசுல வெச்சுக்காதீங்க."

அன்பரசன் கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்தான். வேறு எந்தச் சான்றும் அவனிடம் இல்லை. ஒன்றுதான் இருந்தது. அதை யாரிடமும் கொடுக்க அவனுக்கு மனமில்லை.

"மேகலாதாண்ணா அட்டை எல்லாம் படிச்சா. வீட்ல. அவ படிக்க நான் தட்னேன். உங்க அட்டை வந்தப்ப அவ நிறுத்திட்டா." கோப்பைகளைப் பார்த்தபடி சொன்னான். "'உங்க டீ மாஸ்டருக்கும் எனக்கும் ஒரே ரத்தம்'னு சொன்னா. சிரிச்சா. சந்தோஷமாத்தான் சொன்னா. நான்தான் அடுத்ததுன்னேன். அவ கண்டுபிடிச்சுக் குடுத்தாண்ணா. நான் அடுத்ததுன்னுட்டேன்."

வேதாசலம் தட்டைக் கீழே வைத்தார்.

"அந்தப் பொண்ணா சொல்லிச்சு?"

"ம்."

"ஒரே ரத்தம்னா?"

"ம்."

வேதாசலம் பெஞ்சின் மறு நுனியில் உட்கார்ந்தார். பாதி நகம் இருக்கும் விரல்களால் முழங்கையின் உள்பக்கத்தை, ஊசி குத்தும் இடத்தை, மெல்லத் தடவினார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை முழுசாக மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்து சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அன்பரசன் அழவில்லை. அழுதால் உள்ளே இருக்கிற வலி நின்றுவிடும் என்று அவனுக்குப் பயமாக இருந்தது; அது நிற்கவேண்டாம் என்று நினைத்தான்.

"ரெண்டு வாட்டி துன்னேன் தம்பி" என்றார் வேதாசலம், துண்டுக்குள்ளிருந்தே. "ரெண்டு வாட்டி."

அடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகியது. இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.

மேலே மாடி ஹாலில் மைக் கரகரத்தது. எம்.டி.யின் குரல், ஆங்கிலத்தில். பிறகு ஒரு மௌனம். பிறகு கைதட்டல், கூரை அதிரும்படி, ராமமூர்த்தியின் கைகள் தனியாகக் கேட்கும்படி, நீண்ட கைதட்டல்.

வேதாசலம் துண்டை இறக்கிக் கூரையை நிமிர்ந்து பார்த்தார்.

"எம்.டி.யக் கண்டுபிடிச்சிட்டாங்க போலக்குது, தம்பி" என்றார்.